மூளைக்குள் வெள்ளை அணுக்கள் போகுமா, போகாதா? தங்கையின் மருந்து விஷயமாக ஒரு சந்தேகம்

பவானிக்கரை (செவ்வாய், இரவு 10.42)

வணக்கம். இந்தப் பகுதியில் இதுவரை படித்துவிட்டுப் போனதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

தங்கைக்கு வயது 29. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கண்ணில் பார்வை மங்கியது. கண் டாக்டர் நியூரோவுக்கு அனுப்ப, எம்ஆர்ஐ எடுத்து மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் (எம்எஸ்) என்ற நரம்பு நோய் என்றார்கள். இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். அப்படியும் போன தீபாவளிக்கு அப்புறம் இரண்டு முறை கால் மரத்துப்போய்ப் படுத்துவிட்டாள். இப்போது நடாலிசுமாப் என்ற மருந்துக்கு மாற்றலாம் என்கிறார் டாக்டர். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "வெள்ளை அணுக்கள் மூளைக்குள் போகாமல் தடுக்கும் மருந்து இது. ஆரம்பிப்பதற்கு முன்னால் ஜேசி வைரஸுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடலாம்."

எனக்குக் குழப்பம் இங்கேதான். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது, எதிர்ப்புச் செல்கள் உள்ளே நுழைவதே இல்லை என்றுதான் பிளஸ் டூவில் படித்தேன். நுழையாத ஒன்றைத் தடுக்க மருந்து எதற்கு? சரி, நுழைகிறது, நுழைந்தால் கெடுதல் என்றே வைத்துக்கொள்வோம். தடுத்தால் நல்லதுதானே, அப்புறம் ஏன் வைரஸ் பயம்?

டாக்டரிடமே கேட்டிருக்கலாம். வெளியே நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். கேட்க வாய் வரவில்லை.

எதிர்க்கட்சி (செவ்வாய், இரவு 11.05)

நீங்கள் படித்தது சரிதான். மூளை தனி ராஜ்ஜியம். அதற்கென்று மைக்ரோக்ளியா என்ற சொந்தப் படை இருக்கிறது, உடம்பின் படைக்கு அங்கே வேலையே இல்லை. நோய் வந்து தடுப்பு ஓட்டையானால்தான் வெளிச் செல்கள் உள்ளே போகும். ஓட்டையை அடைக்கிற மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். வைரஸ் பரிசோதனையெல்லாம் பின்னாளில் வழக்கு வராமல் இருக்க எடுப்பது.

உயிரியல் வாத்தியார் (புதன், காலை 6.20)

பவானிக்கரை தம்பிக்கு, அந்தப் பாடத்தை முப்பத்தொரு வருடம் நடத்திய குற்றவாளிகளில் நானும் ஒருவன். ஓய்வுபெற்ற பிறகுதான் அதில் பாதியை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்று தெரிந்தது.

தடுப்பு என்பது நிஜம். 1885 இல் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றினார். உடம்பு முழுக்கச் சாயம் ஏறியது, மூளையில் மட்டும் ஏறவில்லை. மூளைக்குச் சாயம் பிடிக்காது போல என்று விட்டுவிட்டார். அவருடைய சீடர் எட்வின் கோல்ட்மன் 1913 இல் அதையே திருப்பிச் செய்தார். சாயத்தை ரத்தத்தில் விடாமல் மூளையைச் சுற்றியுள்ள நீரில் விட்டார். இப்போது மூளை நீலமானது, உடம்பில் சாயம் இல்லை. ஆக மூளைக்குச் சாயம் நன்றாகவே பிடிக்கும், நடுவில் ஏதோ மறிக்கிறது என்று புரிந்தது.

அடுத்து பீட்டர் மெடவார், 1948. ஒரு முயலின் தோலை இன்னொரு முயலின் மூளைக்குள் வைத்தார். வேறு இடத்தில் வைத்திருந்தால் உடம்பு அதை அழித்துவிடும். மூளையில் அது பிழைத்துக்கொண்டது. நான் வகுப்பில் இங்கே நிறுத்திக் கரும்பலகையில் பெட்டி போட்டு எழுதுவேன்: "மூளைக்கு எதிர்ப்பு மண்டலத்திலிருந்து விலக்கு உண்டு."

நான் சொல்லாமல் விட்ட பாதி இது. அதே முயலுக்கு முன்கூட்டியே உடம்பில் வேறோரிடத்தில் அதே மாதிரித் தோலை ஒட்டி, எதிர்ப்புச் செல்களுக்கு ஆளை அடையாளம் காட்டிவிட்டால், மூளைக்குள் இருக்கும் தோலும் அழிந்துவிடும். அதையும் மெடவாரே அதே வருடம் எழுதியிருக்கிறார். படைக்கு உள்ளே போக வழி இருக்கிறது. மூளைக்குள் அந்நியன் இருக்கிறான் என்ற தகவல் வெளியே வருவதில்தான் ஏதோ தாமதம். எதிர்க்கட்சி சொல்வது 1948 இன் முன்பாதி.

எதிர்க்கட்சி (புதன், காலை 8.11)

முயல் வேறு, மனிதன் வேறு சார். ஆரோக்கியமாக இருக்கிற ஒரு மனிதனின் மூளைப் பக்கம் வெள்ளை அணு நடமாடியதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா?

கண்ணாடித்தகடு (புதன், மதியம் 1.37)

நான் பார்க்கிறேன். வாரத்தில் நாலைந்து நாள்.

ஆய்வகத்தில் வேலை, பதினாறு வருடம் ஆகிறது. முதுகில் ஊசி போட்டு எடுக்கிற நீர், அதாவது மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கிற நீர், மூன்று சின்னக் குழாய்களில் வரும். ஒன்று சர்க்கரை, புரதம் பார்க்க. ஒன்று கிருமிக்கு. செல் எண்ணுவதற்குக் கடைசிக் குழாய், ஊசி குத்தும்போது கசிந்த ரத்தம் அதில்தான் குறைவாக இருக்கும். குழாய் கைக்கு வந்ததும் கையிலிருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எண்ண உட்கார வேண்டும். அந்த நீரில் செல்கள் வெகுநேரம் தாங்காது. ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் எண்ணிக்கை தப்பாகிவிடும்.

ஆரோக்கியமானவரின் நீரைக் குடிதண்ணீர் ஊற்றிய குழாயின் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் கட்டம் போட்ட எண்ணும் தகட்டில் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்ன உருண்டைகள் இருக்கும். ஒரு மைக்ரோலிட்டருக்கு (மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஐந்து வரை நார்மல் என்றுதான் ரிப்போர்ட்டில் அடிக்கிறோம். பூச்சியம் மட்டும்தான் நார்மல் என்று யாரும் எழுதுவதில்லை. இந்த நீர் ஒருவருக்கு ஏறக்குறைய 150 மில்லி இருக்கும். மைக்ரோலிட்டருக்கு ஒன்று என்று வைத்தாலும் ஒன்றரை லட்சம் செல், ஐந்து என்றால் ஏழரை லட்சம். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் மூளையைச் சுற்றி அத்தனை பேர் நீந்திக்கொண்டிருக்கிறார்கள்.

காசநோய் மூளைக்காய்ச்சல் வந்தவரின் நீரைக் கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி ஒரு மெல்லிய படலம் தொங்கும். முதல் தடவை பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ராப்பணி (புதன், இரவு 11.50)

நியூரோ முதுகலை மூன்றாம் வருடம். டியூட்டி நடுவில் எழுதுகிறேன், கோர்வை இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடித்தகடு அக்கா எண்ணுகிற அந்தச் செல்கள்தான் பவானிக்கரையின் கேள்விக்குப் பதில். பெரும்பாலும் அவை டி செல்கள், வெள்ளை அணுக்களில் ஒரு வகை. அதிலும் முன்னால் ஏதாவது ஒரு கிருமியைச் சந்தித்து அதை நினைவில் வைத்திருக்கும் ரகம். வழிதவறி வந்தவை கிடையாது. வேலையே ரோந்துதான்.

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். கருவறை என்பது மூளையின் சதை, நரம்புச் செல்கள் இருக்கும் இடம். பிராகாரம் என்பது மூளையைச் சுற்றிய உறைகள், அவற்றுக்கு நடுவில் ஓடும் நீர், ரத்தக்குழாய்களை ஒட்டிய சந்துபொந்துகள். டி செல்கள் சும்மா இருக்கிற நாளிலும் பிராகாரம் சுற்றும், கருவறைக்குள் கால் வைக்காது. பிராகாரத்தில் உட்கார்ந்திருக்கிற வேறு வகைச் செல்கள், உள்ளேயிருந்து வடிந்து வரும் துணுக்குகளை ஏந்திக் காட்டும். டி செல் நின்று பார்க்கும். தனக்குத் தெரிந்த முகம் இல்லையென்றால் நகர்ந்துவிடும். தெரிந்த கிருமியின் துணுக்காக இருந்தால் அங்கேயே சூடாகி, ஆள் திரட்டி, இரண்டாவது கதவையும் திறந்துகொண்டு உள்ளே போகும்.

வெளிக்கதவைத் தாண்ட டி செல்லின் மேல் ஒரு கொக்கி இருக்கிறது, பெயர் ஆல்ஃபா-4 இன்டெக்ரின். ரத்தக்குழாயின் சுவரில் அதற்கேற்ற வளையம். வேகமாக ஓடும் ரத்தத்தில் கொக்கியை மாட்டித்தான் செல் நிற்க முடியும், நின்றால்தான் சுவரைத் துளைத்துப் போக முடியும். நடாலிசுமாப் போய் அந்தக் கொக்கிக்கு உறை போட்டுவிடுகிறது. ஆகவே அது "ஓட்டையை அடைக்கிற மருந்து" இல்லை. தினமும் நடக்கிற ரோந்தையே நிறுத்துகிற மருந்து.

எம்எஸ் நோயில் ரோந்துக்காரர்களில் சிலர் நரம்பின் மேலுறையான மயலினையே எதிரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். நிறுத்தினால் தாக்குதல் குறைகிறது. அதுவும் கொஞ்ச நஞ்சமாக இல்லை. பெரிய ஆய்வில், மருந்தில்லாத ஊசி போட்டவர்களோடு ஒப்பிட்டால் முதல் வருடத்தில் 68 சதவீதம் குறைந்தது. 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2005 பிப்ரவரியில் கம்பெனியே சந்தையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. மூன்றே மாதம்.

மீதி அப்புறம். எமர்ஜென்சியில் கூப்பிடுகிறார்கள்.

எதிர்க்கட்சி (வியாழன், காலை 7.40)

அப்படியானால் மைக்ரோக்ளியா அந்தக் கோயிலின் அர்ச்சகரா?

ராப்பணி (வியாழன், காலை 9.15)

கிண்டலாகக் கேட்டாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. பரம்பரை அர்ச்சகர். மற்ற வெள்ளை அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து வருபவை. மைக்ரோக்ளியா கருவின் ஆரம்ப நாட்களில், மூளை உருவாகும்போதே, கருவின் மஞ்சள் பையிலிருந்து கிளம்பி வந்து குடியேறியவை. எலியில் இதை 2010 இல் தெளிவாகக் காட்டினார்கள். அதற்கப்புறம் வெளியிலிருந்து ஆள் எடுப்பதில்லை, உள்ளேயே பெருகிக்கொள்ளும். 1919 இல் ஸ்பெயின்காரர் பியோ தெல் ரியோ ஒர்த்தேகா இவற்றுக்குச் சாயம் ஏற்றித் தனி இனம் என்று காட்டியவர். அவர் பார்த்தது செத்த செல், அசையாமல் கிளை பரப்பிக் கிடந்தது. 2005 இல் எலியின் மண்டையோட்டைக் காகிதம் மாதிரி இழைத்து உயிரோடு படம் எடுத்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கிளைகள் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருப்பதில்லை. துழாவிக்கொண்டே இருக்கின்றன. லேசரால் ஒரு சின்ன ரத்தக்குழாயைச் சுட்டால் சில நிமிடங்களில் சுற்றியிருக்கிற எல்லாக் கிளைகளும் அந்தப் புள்ளியை நோக்கி நீண்டு மூடிவிடும்.

ஆனால் அர்ச்சகரால் மட்டும் கோயிலைக் காப்பாற்ற முடியாது. அது 2005 இல் தெரிந்தது, நேற்று விட்ட இடம் அதுதான்.

மருந்தைத் திரும்ப எடுத்ததற்குக் காரணம் பிஎம்எல் என்ற மூளை நோய். ஜேசி வைரஸால் வருவது. வயதுக்கு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உடம்பில் இந்த வைரஸோடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள். மூளையில் அது கிளம்பினால் மயலினைச் செய்யும் செல்களையே கொன்றுவிடும். எச்ஐவி முற்றியவர்களிடமும் புற்றுநோய்க்காரர்களிடமும் பார்த்த நோய். ஆய்வில் மருந்து எடுத்த மூன்று பேருக்கு வந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் எம்எஸ் நோயாளியே அல்ல, குடல் நோய்க்காக எடுத்தவர்.

எச்ஐவியில் உடம்பு முழுக்க எதிர்ப்பு போய்விடுகிறது, அதனால் மூளையிலும் வந்தது என்று சொல்லிவிடலாம். இவர்களுக்கு ரத்தத்தில் டி செல்கள் தாராளமாக இருந்தன. பிராகாரத்துக்கு மட்டும்தான் அவற்றால் வர முடியவில்லை. அப்புறம் இந்த மருந்து எடுப்பவர்களின் முதுகுத் தண்டு நீரைப் பார்த்தால் செல்கள் குறைந்துபோயிருந்தன. அதில் டி செல்களின் சிடி4, சிடி8 என்ற இரண்டு வகைகளின் விகிதம் எச்ஐவி நோயாளிகளின் நீரில் இருப்பது போல ஆகியிருந்தது. மருந்தை நிறுத்தி ஆறு மாதம் ஆன பிறகும் செல்களின் எண்ணிக்கை குறைவாகவே இருந்தது.

ஆக, கண்ணுக்குத் தெரியாமல் யாரோ ரோந்து வந்துகொண்டிருந்ததால்தான் அந்த வைரஸ் இத்தனை பேர் மூளையில் கிளம்பாமல் இருந்திருக்கிறது. இதை எந்த ஆய்வகத்திலும் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. மூன்று குடும்பங்கள் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

பவானிக்கரை (வியாழன், காலை 10.02)

இப்போது புரிகிறது. புரிந்ததும் பயம் கூடிவிட்டது. இந்த மருந்தை இன்னமும் கொடுக்கிறார்களே?

அப்புறம் அம்மா ஒன்று கேட்கச் சொன்னார். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிற கஷாயம் ஏதாவது கூடவே கொடுக்கலாமா என்று. பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ராப்பணி (வியாழன், மதியம் 2.30)

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். தங்கையின் பிரச்சினை எதிர்ப்பு குறைந்தது இல்லை, ஆள் தெரியாமல் அடிப்பது. அதைக் "கூட்ட" வேண்டிய அவசியமில்லை. என்ன கொடுப்பதாக இருந்தாலும் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

மருந்து 2006 ஜூனில் கடுமையான கண்காணிப்போடு திரும்ப வந்தது. ஆரம்பத்தில் பாதிக்கப்பட்ட இரண்டு எம்எஸ் நோயாளிகள் இன்டர்ஃபெரானும் சேர்த்து எடுத்தவர்கள். இப்போது இதைத் தனியாகத்தான் கொடுக்கிறார்கள். ஆபத்தைக் கணிக்க மூன்று விஷயம் பார்ப்போம்: ரத்தத்தில் ஜேசி வைரஸுக்கு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இருக்கிறதா, எவ்வளவு, முன்னால் எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுத்திருக்கிறாரா, நடாலிசுமாப் இரண்டு வருடத்தைத் தாண்டிவிட்டதா. எதிர்ப்பொருள் இல்லாதவருக்கு ஆபத்து பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அளவு 1.5 ஐத் தாண்டி, இரண்டு வருடமும் தாண்டினால் கதை வேறு.

எதிர்க்கட்சி சாருக்கு: அந்தப் பரிசோதனை வழக்குக்குப் பயந்து எடுப்பது இல்லை.

வெண்ணாற்றங்கரை (வியாழன், இரவு 9.18)

படித்துக்கொண்டே வந்தபோது எங்கள் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது. விஷயம் வேறாகத் தோன்றலாம், இருந்தாலும் கேட்கிறேன்.

எழுபதுகளில் நடந்தது. வயல் வரப்பில் தெருநாய் கடித்துவிட்டது. அன்றெல்லாம் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. காலையில் முதல் பேருந்தில் போய்ப் போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி திரும்பி வருவார். ஊசி முடியும் தறுவாயில் ஒருநாள் திண்ணையிலிருந்து எழ முயன்றவருக்கு இரண்டு காலும் வரவில்லை. சிறுநீரும் நின்றுவிட்டது. நாய்க்கு வெறி இருந்ததா என்பதே கடைசிவரை தெரியாது. ஊரில் எல்லோரும் நாய் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். பல மாதம் கழித்து ஊன்றுகோலோடு நடந்தார். தொண்ணூறுகள் வரை இருந்தார். வெறிநோய் வந்தவர் பிழைக்க மாட்டார் என்கிறார்களே, அப்படியானால் அது என்ன?

உயிரியல் வாத்தியார் (வெள்ளி, காலை 5.55)

அந்த ஊசி எதிலிருந்து செய்தது தெரியுமா? ஆட்டு மூளை. 1911 இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய முறை. வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, மூளையை அரைத்து, ஃபீனால் சேர்த்துக் கிருமியைச் செயலிழக்க வைத்து ஊசியாகப் போடுவார்கள். நம் நாட்டில் 2004 இன் கடைசி வரைக்கும் இருந்தது.

ராப்பணி (வெள்ளி, காலை 6.35)

வாத்தியார் சார் போட்ட பதிவைப் பார்த்துவிட்டு வார்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பாவைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்கிற வரிசை, அதாவது ஊசி முடியும் தறுவாய், கால் விழுவது, சிறுநீர் நிற்பது, மெல்லத் தேறுவது, அந்த ஊசியின் பக்கவிளைவைப் பற்றி எங்கள் பாடத்தில் இருப்பதோடு அப்படியே ஒத்துப்போகிறது.

வேறு விஷயம் என்றீர்கள். இல்லை, இது இந்த இழையின் மறுபாதி. அரைத்த ஆட்டு மூளையில் கிருமி மட்டும் இல்லை, மயலினும் இருக்கிறது. மனித மயலினும் ஆட்டு மயலினும் கிட்டத்தட்ட ஒன்று. பிராகாரத்துக்கு உள்ளேயே இருக்க வேண்டிய ஒரு முகத்தை வயிற்றுத் தோலில் பதினாலு நாள் காட்டினால், நிணநீர் முடிச்சில் உட்கார்ந்திருக்கும் டி செல்கள் "இவன்தான் எதிரி" என்று பாடம் படித்துவிடும். மெடவார் முயலுக்கு வெளியே தோல் ஒட்டிக் காட்டியது மாதிரி. படித்த செல்கள் வழக்கம்போல ரோந்துக்குக் கிளம்பும். தண்டுவடத்தில் அதே முகத்தைப் பார்க்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சிலருக்குக் கால் விழுந்தது.

இந்தப் பக்கவிளைவுக்குக் காரணம் தேடித்தான் நியூயார்க்கில் தாமஸ் ரிவர்ஸ் குழுவினர் குரங்குகளுக்கு, கிருமியே இல்லாத வெறும் முயல் மூளையைத் திரும்பத் திரும்ப ஊசியாகப் போட்டார்கள். 1933 இல் முடிவை வெளியிட்டார்கள். சில குரங்குகளுக்கு வாதம் வந்தது, மூளையில் மயலின் உரிந்திருந்தது. கிருமி இல்லாமலே, உடம்பே தன் மூளையை அடிக்கும் என்பதற்கு அது சான்று. விலங்குகளில் இப்படி வரவழைக்கிற நோயை வைத்துத்தான் இன்றுவரை எம்எஸ் மருந்துகளைச் சோதிக்கிறார்கள்.

இப்போது பவானிக்கரை கவனியுங்கள். 1992 இல் டெட் யெட்னாக் குழுவினர் அதே நோயை எலிகளுக்கு வரவழைத்து, ஆல்ஃபா-4 கொக்கிக்கு உறை போடும் எதிர்ப்பொருளைக் கொடுத்தார்கள். எலிகளுக்கு வாதம் வரவில்லை. அந்த எதிர்ப்பொருளின் வழியில் வந்ததுதான் நடாலிசுமாப். வெண்ணாற்றங்கரையின் பெரியப்பாவுக்கு வந்த நோயைப் புரிந்துகொள்ளப் போன வழியில் கிடைத்த மருந்து உங்கள் தங்கைக்கு வருகிறது.

ஒன்றை மட்டும் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் நாய்க்கடி ஊசிக்குப் பயப்பட வேண்டாம். இப்போது போடுவதில் மூளைத் திசு இல்லை, ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில் செய்தது. தொப்புளிலும் போடுவதில்லை. கடித்தால் உடனே சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கிருமி ரத்தத் தடுப்பை உடைத்து வருவதில்லை. நரம்புக்குள்ளேயே ஊர்ந்து மூளைக்குப் போகிறது, ரோந்துக்காரன் பார்க்காத சுரங்கப்பாதை அது. நரம்புக்குள் நுழைவதற்கு முன்னால் பிடித்தால்தான் உண்டு.

வெண்ணாற்றங்கரை (வெள்ளி, காலை 7.03)

ஐம்பது வருடமாக நாய் விஷம் என்றே வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். பெரியம்மாவுக்கு இன்று போன் செய்து சொல்லப் போகிறேன். நன்றி தம்பி.

எதிர்க்கட்சி (வெள்ளி, மதியம் 12.15)

ரோந்து விஷயத்தில் நான் சொன்னது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று இடிக்கிறது. வாத்தியார் சார் தகவல் வெளியே வருவதில் தாமதம் என்றார். ராப்பணி துணுக்குகள் வடிந்து வரும் என்கிறார். மூளைக்கு நிணநீர் நாளமே கிடையாது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறதே, எதன் வழியாக வடிகிறது?

உயிரியல் வாத்தியார் (வெள்ளி, மாலை 4.48)

நல்ல கேள்வி கேட்டால் எதிர்க்கட்சிக்கும் மார்க் உண்டு.

1787 இல் பாவ்லோ மஸ்காக்னி என்ற இத்தாலியர் மனித உடம்பின் நிணநீர் நாளங்களை வரைந்து புத்தகம் போட்டார். மூளையின் மேலுறையிலும் நாளங்களைக் காட்டியிருந்தார். அவர் கற்பனை செய்துவிட்டார் என்று ஒதுக்கினார்கள். இருநூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு 2015 இல் வர்ஜீனியாவில் ஜோனதன் கிப்னிஸின் ஆய்வகமும், ஹெல்சின்கியில் காரி அலிதாலோவின் ஆய்வகமும் தனித்தனியாக அதே நாளங்களை எலியில் கண்டுபிடித்தன. வர்ஜீனியாவில் அந்தோன் லூவோ செய்தது எனக்குப் பிடித்த வேலை. வழக்கமாக மண்டையைத் திறந்து உறையை உரித்து எடுப்பார்கள், கிழிந்துவிடும். அவர் உறையை மண்டையோட்டின் மூடியோடு ஒட்டியபடியே பதப்படுத்திவிட்டு, அப்புறம் முழுசாக உரித்து விரித்துப் பார்த்தார். பெரிய ரத்த வாய்க்கால்களின் ஓரமாகவே நிணநீர் நாளங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கழுத்தின் ஆழத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளில் போய்ச் சேருகின்றன. மனிதரிலும் இருப்பதை 2017 இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தார் எம்ஆர்ஐ மூலம் காட்டினார்கள்.

மூளைச் சதைக்குள் நாளம் கிடையாது என்பது இப்போதும் சரி. உறையில் உண்டு. புத்தகம் பாதி சரி, என் கரும்பலகை மாதிரி.

எதிர்க்கட்சி (வெள்ளி, மாலை 6.30)

அப்படியானால் தூங்கும்போது மூளை கழுவிவிடப்படுகிறது என்று யூட்யூபில் சொல்வதும் உண்மையா?

ராப்பணி (வெள்ளி, இரவு 8.05)

2013 இல் எலிகளில் அப்படிச் சொன்னார்கள், உலகமே பிடித்துக்கொண்டது. 2024 இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழுவினர் வேறு முறையில் அளந்து, தூக்கத்தில் கழுவுதல் குறைகிறது என்றார்கள். சண்டை நடக்கிறது. நான் நடுவில் போகவில்லை, எனக்குத் தூக்கமே கிடையாது.

அதைவிட எனக்கு வியப்பு மண்டையோடு. 2018 இல் பாஸ்டனில் எலியின் மண்டையோட்டு எலும்பின் மஜ்ஜையிலிருந்து நேராக மூளை உறைக்குப் போகும் நுண்ணிய கால்வாய்களைப் பார்த்தார்கள். பக்கவாதம் வந்த எலியில், காலெலும்பு மஜ்ஜையைவிட மண்டையோட்டு மஜ்ஜையே அதிக வெள்ளை அணுக்களை அனுப்பியது. அதாவது பிராகாரச் சுவருக்குப் பின்னாலேயே காவலர் குடியிருப்பு. ரத்தத்தில் சுற்றி வர வேண்டியதில்லை.

டொராண்டோ குயில் (சனி, காலை 5.10)

பவானிக்கரை தம்பி, சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன், உங்கட பயத்தைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு எம்எஸ் வந்து பதினோரு வருசம், நடாலிசுமாப் ஏறத் தொடங்கி ஆறு வருசம். ஜேசி நெகட்டிவ்.

நாலு கிழமைக்கு (வாரத்துக்கு) ஒருக்கா போய், ஒரு மணித்தியாலம் கையில் ஏற்றி, பிறகு கொஞ்ச நேரம் இருத்தி வைத்துப் பார்ப்பார்கள். இப்போது எனக்கு ஆறு கிழமைக்கு ஒருக்காதான். ரத்தப் பரிசோதனை ஆறு மாதத்துக்கு ஒருக்கா கட்டாயம், இண்டைக்கு நெகட்டிவ் எண்டால் எப்பவும் நெகட்டிவ் இல்லை. எம்ஆர்ஐயும் ஒழுங்காக எடுக்கிறார்கள். பேச்சில், நடத்தையில், பார்வையில் புதுசாக ஏதும் மாறினால் அடுத்த ஊசிக்கு முன்னம் சொல்லச் சொல்லி என்ர கணவரிட்டத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். நோயாளிக்குத் தன்ர மாற்றம் தெரியாதாம்.

அதோட, பயத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நிப்பாட்டிப் போடாதேங்கோ. ஒரு தோழி அப்பிடி நிப்பாட்டி, நாலு மாதத்தில் நோய் முந்தியதை விட மோசமாகத் திரும்பி வந்தது.

ராப்பணி (சனி, காலை 9.40)

அக்கா சொன்னது அத்தனையும் சரி. திடீரென்று நிறுத்தினால் நின்றிருந்த கூட்டம் மொத்தமாக உள்ளே பாயும். பிஎம்எல் வந்துவிட்டாலும் இதே சிக்கல்தான். ரத்தத்திலிருந்து மருந்தை வடித்து எடுத்துவிட்டு ரோந்தைத் திரும்ப விடுவோம், அப்போது அவர்கள் வைரஸைப் பார்த்துப் போடுகிற கூச்சலில் மூளை வீங்கும். மண்டையோடு மூடிய பெட்டி, வீங்க இடமில்லை. காசநோய் மூளைக்காய்ச்சலிலும் அதனால்தான் கிருமிக்கு மருந்து கொடுக்கும்போதே, எதிர்ப்பை அடக்கும் டெக்ஸாமெத்தசோனும் கொடுக்கிறோம். 2004 இல் வியட்நாமில் 545 பேரிடம் செய்த ஆய்வில் அதனால் இறப்பு குறைந்தது. அடி விழவும் வேண்டும், மெதுவாகவும் விழ வேண்டும். எங்கள் வார்டில் பாதி வேலை அதுதான்.

பவானிக்கரை (அடுத்த வியாழன், இரவு 9.55)

ரிசல்ட் வந்தது. எதிர்ப்பொருள் இருக்கிறது, அளவு 0.6. கையில் வாங்கியதும் தங்கை அழுதாள், பாசிட்டிவ் என்ற வார்த்தைதான் அவள் கண்ணில் பட்டது.

இந்த முறை டாக்டரிடம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். எவ்வளவு காலம் கொடுக்கப் போகிறோம், இரண்டு வருடம் ஆனால் என்ன செய்வோம், அளவு ஏறினால் எந்த மருந்துக்கு மாறுவோம், இடையில் எத்தனை மாதத்துக்கு ஒரு எம்ஆர்ஐ. தாளைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். 0.9 க்குக் கீழே இருக்கிறது, ஆரம்பிக்கலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவைத் திரும்பப் பார்ப்போம் என்றார். அவர் வரைந்து காட்டியதும் கொக்கியும் வளையமும்தான்.

திங்கட்கிழமை முதல் ஊசி. டொராண்டோ அக்கா, அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா, வெறும் வயிறா?

டொராண்டோ குயில் (வெள்ளி, காலை 4.32)

சாப்பிட்டிட்டே போகச் சொல்லுங்கோ, தண்ணியும் நல்லாக் குடிக்கட்டும், நரம்பு பிடிக்கச் சுகம். ஒரு போர்வையும் கொண்டு போங்கோ. அந்த அறை எங்கயும் குளிராத்தான் இருக்கும்.